715 கிலோமீட்டர்: எத்தனை நாள் ஆகும்?

ஒரு கணக்கு சொல்கிறேன், மனதுக்குள் போட்டுப் பாருங்கள்.

கனடா நாட்டின் வடமேற்கு மூலையில் யூகான் என்றொரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில் வைட்ஹார்ஸ் என்று ஓர் ஊர். அங்கே கனூ படகில் ஏறி ஆற்றோடு போனால், 715 கிலோமீட்டர் தாண்டி டாசன் சிட்டி என்ற சிற்றூர் வரும். இரண்டு பேர் சேர்ந்து துடுப்புப் போட்டால், அசையாத தண்ணீரில் கனூ மணிக்கு 5 கிலோமீட்டர் போகும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் துடுப்புப் போடுகிறார்கள். எத்தனை நாளில் போய்ச் சேருவார்கள்?

ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர். 715ஐ 30ஆல் வகுத்தால் 24 நாள் வரை ஆகிறது. உங்கள் பெருக்கலும் வகுத்தலும் சரிதான். ஆனால் அந்த ஆற்றில் போகிறவர்கள் வழக்கமாக 14 முதல் 16 நாளில் டாசனில் இறங்கிவிடுகிறார்கள். 1999இல் தொடங்கிய ‘யூகான் ரிவர் குவெஸ்ட்’ என்ற படகுப் போட்டியில் முன்னணி வீரர்கள் இதே தூரத்தை மூன்றே நாளுக்குள் கடக்கிறார்கள். நம் கணக்கில் எது விடுபட்டது?

ஆறு விடுபட்டது! படகு தண்ணீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறது. அந்தத் தண்ணீரே மணிக்கு 7, 8 கிலோமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் கூட்ட வேண்டும். கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படகு மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கை ஓய்ந்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்னும்போதும் படகு போய்க்கொண்டேதான் இருக்கும்.

இந்த வேகத்தைக் கொடுப்பது எது? சரிவு. வைட்ஹார்ஸைவிட டாசன் ஏறத்தாழ 300 மீட்டர் தாழ்வாக இருக்கிறது. அந்த இறக்கத்தை 715 கிலோமீட்டரில் பரப்பிப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட வராது. அந்த நிலத்தில் நின்றால் சரிவு இருப்பதே உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரிகிறது! ஆழமான ஆற்றில் தரையோடு உரசும் தண்ணீர் கொஞ்சம்தான். மேலே இருப்பது அதிகத் தடையில்லாமல் ஓடுகிறது. அதனால்தான் இத்தனை சிறிய சரிவிலும் யூகான் இவ்வளவு வேகம் பிடிக்கிறது.

அப்படியானால் ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர், பத்தே நாளில் டாசன் என்று கிளம்பிவிடலாமா? கூடாது. நீண்ட ஆற்றுப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஆறு முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்து நாள்களைச் சமமாகப் பங்கு போடுவதுதான். யூகானின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

முதல் பகுதியிலேயே இதைப் பார்க்கலாம். வைட்ஹார்ஸிலிருந்து கிளம்பி ஒரு நாள் போனதும் ஆறு லபர்ஜ் ஏரிக்குள் புகுகிறது. ஏரியின் நீளம் 50 கிலோமீட்டர், அகலம் 2 முதல் 5 கிலோமீட்டர். ஏரியில் ஓட்டம் இல்லை. இங்கே நம் பழைய கணக்குதான், மணிக்கு 5 கிலோமீட்டர். அதுவும் காற்று அடிக்காவிட்டால்!

காற்றுக்கும் அலைக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். காற்று தண்ணீரின் மேல் உரசும்போது சிற்றலை எழுகிறது. அந்தச் சிற்றலையின் முதுகில் காற்று மேலும் தள்ளுகிறது, அலை வளர்கிறது. எவ்வளவு நீளமான நீர்ப்பரப்பின் மேல் காற்று தடையின்றி ஓடுகிறதோ, அலை அவ்வளவு உயரமாகும். குளத்தில் அடிக்கும் அதே காற்று 50 கிலோமீட்டர் ஏரியில் அடித்தால் மறுமுனையில் படகைக் கவிழ்க்கும் அலை வரும். லபர்ஜ் நீண்ட ஒடுங்கிய ஏரி, இருபுறமும் மலை. நீளவாக்கில் காற்று பாய்வதற்கு ஏற்ற வழி. 1901ஆம் ஆண்டு அக்டோபரில் ஏ. ஜே. காடர்ட் என்ற சிறிய நீராவிக் கப்பலே இந்த ஏரியில் புயலில் சிக்கி மூழ்கியது. அது ஏரியடியில் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை 2008இல்தான் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே ஏரிக்குத் திட்டம் இது: விடிகாலையில் கிளம்ப வேண்டும், வெயில் ஏறிக் காற்று கிளம்பும்முன் கரை ஒதுங்க வேண்டும், கரையை ஒட்டியே போக வேண்டும். குறுக்கே போனால் தூரம் மிச்சமாகும் என்று ஆசைப்படக் கூடாது. ஏன் தெரியுமா? நடு ஏரியில் கவிழ்ந்தால் கரை ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தண்ணீரோ கோடையிலும் கைகால் விறைக்கும் குளிர். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நம் உடல் வெப்பத்தை இழுத்துவிடுகிறது.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் குளிர்நீரில் விழுந்தவரின் உடலில் என்ன நடக்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தானே பலமுறை உறையும் தண்ணீரில் இறங்கிப் பார்த்தவர் அவர். அவர் சொல்லித்தரும் எண் 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். அப்போது நீந்த முயலாமல், உயிர்க்காப்பு அங்கியை நம்பி மிதந்தபடி மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் கை விரல்கள் சொன்னபடி கேட்கும். படகைப் பிடிக்கவோ கரையேறவோ அதுதான் நேரம். உடல் உள்ளுக்குள் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகும். நடுவில் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தீர்களா? அதற்குள் எட்டுகிற கரைதான் நமக்குக் கரை. உயிர்க்காப்பு அங்கி இல்லாவிட்டால் முதல் நிமிடமே ஆபத்து. அதனால் அங்கியைப் பையில் வைத்துக்கொள்வது போதாது, எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும்.

இப்போது கணக்கைத் திருத்தலாம். ஏரிக்கு 2 நாள். மீதி 665 கிலோமீட்டரில், நின்று நிதானித்துப் போனால் நாளொன்றுக்கு 55 கிலோமீட்டர், அதாவது 12 நாள். காற்றுக்கும் மழைக்கும் 2 நாள் கூடுதலாக வைப்போம். மொத்தம் 16. அந்த 2 நாளை யாரும் வெட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையில் உபரி நாள் இல்லாதவர்கள்தான் அலை அடிக்கும் ஏரியில் படகை இறக்குகிறார்கள்.

ஏரியை விட்டு வெளியே வந்ததும் வேறோர் ஆறு தொடங்கியதுபோல் இருக்கும். ஏரியிலிருந்து டெஸ்லின் ஆறு வந்து சேரும் இடம் வரை 48 கிலோமீட்டருக்கு வேகமான, தரை தெரியும் தெளிந்த பச்சைநீர். ஏன் இவ்வளவு தெளிவு? மேலிருந்து வரும் ஆறு சுமந்து வந்த மண்ணெல்லாம் அசையாத ஏரியில் அடியில் தங்கிவிடுகிறது. வெளியேறுவது தெளிந்த நீர். இந்த வண்டல் விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கீழே போகப் போக அது நம் குடிநீரில் வந்து நிற்கும்.

இங்கிருந்து ஆறு வளைந்து வளைந்து போகிறது. வளைவில் தண்ணீர் நேரே போகத் துடித்து வெளிக்கரையில் மோதுகிறது. அங்கே வேகமும் ஆழமும் அதிகம். உட்கரையில் வேகம் குறைவு, சரளைக்கல் படிந்து மேடாகியிருக்கும். ஆகவே வேகமாகப் போக வெளிப்பக்கம், கூடாரம் அடிக்க உள்பக்கம். வரைபடத்தில் வளைவுகளைப் பார்த்தே எந்த இரவு எங்கே தங்கலாம் என்று ஓரளவு குறித்துவிடலாம். சரளை மேட்டில் காற்று வீசுவதால் கொசுத்தொல்லையும் குறைவு.

ஆனால் வெளிப்பக்கத்தில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. வேகநீர் கரையை அரிக்க, கரையில் நிற்கும் மரம் வேரோடு சரிந்து ஆற்றுக்குள் தலைகவிழ்ந்து கிடக்கும். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போய்விடும். படகும் மனிதரும் புக முடியாது. ஓட்டத்தின் முழு அழுத்தமும் அவர்களைக் கிளையோடு சேர்த்து அழுத்தும். ஆற்றில் பாறையைவிட விழுந்த மரத்துக்குத்தான் அனுபவசாலிகள் அதிகம் அஞ்சுகிறார்கள். வளைவின் வெளிப்பக்கம் போகும்போது கரையை ஒட்டாமல் நாலைந்து படகு நீளம் தள்ளியே போக வேண்டும்.

கார்மாக்ஸ் என்ற ஊர் பாதி வழிக்குச் சற்றுமுன் வருகிறது. அதைத் தாண்டி சில மணி நேரத்தில் இந்தப் பயணத்தின் புகழ்பெற்ற இடம்: ஐந்து விரல் பாய்ச்சல். கூழாங்கற்கள் இறுகிப் பாறையான நான்கு தீவுகள் ஆற்றின் குறுக்கே நின்று, அதை ஐந்து வாய்களாகப் பிரிக்கின்றன. கனூவுக்கு உரியது வலதுகோடி வாய். முன்பு நீராவிக் கப்பல்கள் இங்கே எதிரோட்டத்தில் ஏற முடியாமல், கரையில் கட்டிய இரும்பு வடத்தைச் சுற்றியிழுத்து ஏறின.

நாம் இடது பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம், தூரத்தில் பாறைகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் போக எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும்? ஆற்றின் அகலம் 200 மீட்டர் என்று கொள்ளுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 83 மீட்டர். கடக்க 2 நிமிடம் 24 நொடி ஆகும். அதற்குள் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஓடும் ஆறு நம்மை 320 மீட்டர் கீழே தள்ளிவிடும். பாறையைப் பார்த்து, பேசி முடிவெடுத்து, படகைத் திருப்பும் நேரத்தையும் சேர்த்தால் அரை கிலோமீட்டர் போய்விடும். அதனால்தான் ‘இந்த வளைவு தாண்டியதும் வலக்கரை’ என்று முதல்நாள் இரவே வரைபடத்தில் எழுதிவைக்கிறார்கள். படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, எதிரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பித் துடுப்புப் போட்டால் ஆறே படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொடுக்கும். கீழே இழுபடுவதும் குறையும். இந்தத் திறமையைக் கிளம்பும்முன் அமைதியான நீரில் பழகியிருக்க வேண்டும்.

பாய்ச்சலின் வாயில் தண்ணீர் எழுதும் எழுத்து ஒன்று உண்டு. கூர்முனை கீழ்நோக்கி இருக்கும் வழவழப்பான முக்கோணம் தெரிந்தால், இரு தடைகளுக்கு நடுவே ஆழமான வழி இருக்கிறது. கூர்முனை உங்களை நோக்கி இருந்தால், அந்த முனையில் ஒரு பாறை மறைந்திருக்கிறது.

எந்தப் படகில் போவது? கயாக் தாழ்வானது, மேலே மூடியது. காற்றும் அலையும் அதை அதிகம் தொல்லை செய்யாது. ஆனால் பொருள் வைக்க இடம் குறைவு. கனூ திறந்த படகு. காற்று பிடித்துத் தள்ளும், ஆனால் இரண்டு வாரச் சாமானைத் தாராளமாக ஏற்றலாம். படகு 35 கிலோ, ஆள் இருவர் 130 கிலோ, சாமான் 110 கிலோ என்றால் மொத்தம் 275 கிலோ. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி அது 275 லிட்டர் தண்ணீரை விலக்கி மிதக்கும். இந்த அளவுள்ள கனூவில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு 30 கிலோவும் படகை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்தும். ‘ஒரு சென்டிமீட்டர்தானே’ என்று நினைக்கலாம். அலை உள்ளே வருமா வராதா என்பதைப் பல நேரம் அந்தச் சென்டிமீட்டர்கள்தான் முடிவுசெய்கின்றன. கனமானவை அடியில், நடுவில்; கட்டாத பொருள் எதுவும் கூடாது.

சாமானில் பெரும்பகுதி உணவு. நாள் முழுக்கத் துடுப்புப் போடுகிறவருக்கு 3,500 கிலோகலோரி வரை வேண்டியிருக்கும். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி தரும், கொழுப்பு 9 தரும். சராசரியாகக் கிராமுக்கு 4 என்று வைத்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 875 கிராம் உலர் உணவு. இருவருக்கு 16 நாளுக்குச் சரியாக 28 கிலோ. உலர் உணவு என்பது முக்கியம். 100 கிராம் அரிசி வெந்தால் இரண்டு மூன்று மடங்கு எடையாகிவிடும்; சத்து அதேதான், ஏறியது தண்ணீரின் எடை மட்டும். தண்ணீர்தான் படகுக்கு வெளியே வேண்டிய மட்டும் இருக்கிறதே!

கொழுப்பை நம்பி இதைவிட நெடும்பயணம் போகும் உயிர் ஒன்று நம் படகுக்கு அடியிலேயே எதிர்த்திசையில் நீந்திக்கொண்டிருக்கும். சினூக் சால்மன் மீன். பேரிங் கடலில் இருந்து ஆற்றில் நுழைந்து, வைட்ஹார்ஸ் வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு, தான் பிறந்த நீரில் முட்டையிட வருகிறது. ஆற்றில் நுழைந்தபின் அது உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்புதான் கட்டுச்சோறு. வேகம் குறைந்த கரையோர நீரைத் தேடிப் போய்ச் சக்தியை மிச்சப்படுத்துகிறது. இந்த மீன்களின் எண்ணிக்கை இப்போது மிகவும் குறைந்துவிட்டதால், 2024இல் கனடாவும் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலமும் சேர்ந்து ஏழாண்டுகளுக்குச் சினூக் மீன்பிடிப்பை நிறுத்த ஒப்புக்கொண்டன. டாசன் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த மீனை நம்பி வாழ்ந்த ட்ரொன்டெக் ஹ்வெச்சின் பழங்குடி மக்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! அந்த மீன்கள் திரும்பி வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கார்மாக்ஸுக்குக் கீழே ஆற்றங்கரை அரிபட்ட இடங்களில், மண்ணுக்குள் வெள்ளையாக ஒரு கோடு ஓடுவதைப் பார்க்கலாம். யாரோ சுண்ணாம்பால் இழுத்ததல்ல. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் அலாஸ்காவில் வெடித்த எரிமலையின் சாம்பல் அது. ஐரோப்பாவரை பறந்து போன சாம்பல்! அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் மண் முழுவதும் கடந்த 1,200 ஆண்டுகளில் படிந்தது. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதே சாம்பலையும் பனியாறுகள் அரைத்த பாறைத்தூளையும் சுமந்துகொண்டு இடப்புறமிருந்து ஒயிட் ஆறு வந்து கலக்கிறது. அதோடு யூகானின் நிறமே மாறிவிடுகிறது, கலங்கல் கலங்கலாக. படகின் அடியில் காதை வைத்தால், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓயாத ஒலி. வண்டல் துகள்கள் படகில் உரசும் சத்தம் அது.

குடிநீருக்கு என்ன வழி? வடிகட்டியில் நேரே ஊற்றினால் சற்று நேரத்தில் அடைத்துக்கொள்ளும். வாளியில் பிடித்து இரவு முழுக்கத் தெளியவிட வேண்டும். மணல் சில நொடியில் அடியில் போய்விடும், நுண்துகள் போகாது. துகளின் குறுக்களவு பாதியானால் அது அமிழும் வேகம் கால்பங்காகிவிடும். பத்தில் ஒன்றானால் நூறில் ஒன்றாகிவிடும். லபர்ஜ் ஏரி செய்த வேலையை நம் சின்ன வாளி ஓர் இரவில் செய்துமுடிக்காது. ஆகவே திட்டத்தில் இன்னொரு குறிப்பு: ஒயிட் ஆற்றுக்கு முன்பே பாத்திரங்களை நிரப்பிக்கொள்வது, பின்பு பக்கவாட்டில் வரும் தெளிந்த ஓடைகளை வரைபடத்தில் குறித்து அங்கே நிறுத்துவது. தெளிந்த நீரிலும் வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா போன்ற நுண்ணுயிரிகள் இருக்கலாம்; ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தால் அவை செத்துவிடும்.

எந்த மாதம் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் ஆற்றின் மேற்பரப்பு பெரும்பாலும் உறைந்துவிடும். மே மாதம் ஆற்றுப் பனி ஓட்டத்தால் உடைந்து போய்விட்டாலும், அசையாத ஏரியின் பனி அதற்குப் பிறகுதான் கரையும். ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான் காலம். ஜூன் கடைசியில் அங்கே இரவு முழுக்க வெளிச்சம் இருக்கும். படிக்க விளக்கே தேவைப்படாது. கொசுவும் அப்போதுதான்.

காட்டில் கரடிகள் உண்டு. சமையலைக் கூடாரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி வைக்கிறார்கள், உணவை இறுக மூடும் பீப்பாயில் பூட்டுகிறார்கள். இடுப்பில் ஒரு தெளிப்புக்குப்பி. அதில் இருப்பது மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின்! நெருங்கி வரும் கரடியின் மூக்கும் கண்ணும் எரிந்து, அது பெரும்பாலும் காயமில்லாமல் திரும்பி ஓடிவிடும்.

திட்டமிடுவது இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. 1896இல் டாசன் அருகே கிளொண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள் ஓராண்டுக்கான உணவோடுதான் வர வேண்டும் என்று கனடாவின் குதிரைப்படைக் காவலர்கள் விதி போட்டார்கள். மற்றச் சாமானோடு அது ஆளுக்கு ஒரு டன் வரை வந்தது. 1898 மே கடைசியில், வைட்ஹார்ஸுக்கு மேலே உள்ள ஏரிகளில் பனி உடைந்ததும், குளிர்காலம் முழுக்கக் கரையில் கட்டிய ஏறத்தாழ 7,000 படகுகள் கிளம்பின. வைட்ஹார்ஸுக்கு மேலிருந்த பாய்ச்சலில் படகுகள் நொறுங்கி ஆட்கள் இறந்தார்கள். காவல் அதிகாரி சாம் ஸ்டீல் உடனே ஏற்பாடுகள் செய்தார்: தேர்ந்த படகோட்டிதான் பாய்ச்சலில் படகை ஓட்டலாம், பெண்களும் குழந்தைகளும் கரையில் நடந்தே கடக்க வேண்டும். ஒவ்வொரு படகுக்கும் எண் எழுதி, போகிறவர்களின் பெயரைப் பதிவு செய்தார்கள். குறித்த படகு வந்து சேராவிட்டால் தேடத் தொடங்கலாம் அல்லவா?

இன்று போகிறவர்களும் அதையே செய்கிறார்கள். வழியில் பெரும்பகுதிக்குக் கைபேசி எடுக்காது. எந்த நாள் எங்கே இருப்போம், எந்தத் தேதி வரை செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுக்கிறார்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியும் கையில் இருக்கும்.

டாசன் வருவதை வெகுதூரத்திலேயே அறியலாம். ஊருக்குப் பின்னாலுள்ள மலையில் பழைய நிலச்சரிவின் பெரிய வடு தெரியும். கிளொண்டைக் ஆறு வலப்புறம் வந்து சேர்கிறது, அதை அடுத்து அதே கரையில் ஊர். ஒயிட் ஆற்றுக்குப் பிறகு யூகான் அகன்று, பல கிளைகளாகப் பிரிந்து கூடி, முன்பைவிடப் பெரிய ஆறாகியிருக்கும். ஐந்து விரல் பாய்ச்சலில் போட்ட கணக்கை இங்கே மறுபடி போடுங்கள்: இப்போது அகலம் 400 மீட்டர், ஓட்டம் மணிக்கு 8 கிலோமீட்டர். வலக்கரை சேர எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும்? விடையைச் சரியாகப் போடுங்கள். துறையைத் தவறவிட்டால் அடுத்த ஊரான ஈகிள் 150 கிலோமீட்டருக்கும் மேல் கீழே, எல்லை தாண்டி அலாஸ்காவில் இருக்கிறது.